பிள்ளை தூங்கியதும் கிளம்பலாம்

தட்டிக்கொடுத்தால் பிள்ளை தூங்கும் என்று எந்த மகராசி சொல்லிவைத்தாளோ, அவள் ஆதிரையைப் பெற்றிருக்க மாட்டாள். கோமதிக்குத் தோள்பட்டை கடுத்தது. கையை மாற்றலாம் என்றால் மாற்றுகிற அந்த நேரத்தில் பிள்ளை தலையைத் திருப்பிப் பார்க்கும். என்னம்மா என்று கேட்காது, பார்க்க மட்டும் செய்யும். அந்தப் பார்வையை இன்றைக்குத் தாங்க முடியாது, கடுத்தால் கடுக்கட்டும் என்று அதே கையால் தட்டிக்கொண்டிருந்தாள். மத்தியானச் சாப்பாடு முடிந்து, பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்து, ஜன்னல் திரையை இழுத்துவிட்டு அம்மாவும் மகளும் பாயில் படுத்திருக்கிறார்கள், எந்த வீட்டிலும் நடக்கிற காரியம்தான். சாயங்காலம் கார் வரும். காரில் செந்தூர்பாண்டி வருவான், அவளைக் கட்டியவன், பிள்ளைக்கு அப்பன். அதற்குள் பிள்ளை தூங்கியிருக்க வேண்டும். தூங்குகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினால் கார், காரிலிருந்து ரயில், ரயிலில் அது கண் முழிக்கும்போது சூரத் போயிருக்கும், இந்த வீடு போயிருக்கும், எதிர்வீட்டு ஹேத்வி போயிருப்பாள், எல்லாம் போன பிறகு அழுதால் என்ன, அழாவிட்டால் என்ன. இதுதான் ஏற்பாடு. சாமான்களை நாளைக்கு ஆள் வந்து கட்டி லாரியில் ஏற்றும், பிள்ளை கண்ணில் ஒரு அட்டைப்பெட்டிகூடப் படக்கூடாது என்பது அவன் போட்ட சட்டம். படவில்லை. பிள்ளை சுவரில் கிறுக்கிய யானை அப்படியே இருந்தது, கொடியில் துணி காய்ந்தது, அடுப்படி மேடையில் சளி மருந்துப் புட்டி இருந்தது. அந்தப் புட்டியைக் காலையில் போகும்போது பாண்டிதான் அலமாரியிலிருந்து எடுத்து வெளியே வைத்தான், வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. பிள்ளைக்குச் சளி இல்லை.

பாண்டியைக் கெட்டவன் என்று சொன்னால் நாக்கு அழுகிப்போகும். பாலம் கட்டுகிற கம்பெனியில் வேலை. பாலம் என்றால் முழுப் பாலம் இல்லை, ஆற்றுக்குள் துளை போட்டுத் தூணுக்கு அஸ்திவாரம் இறக்குவதோடு இவன் பாடு முடிந்தது, மேலே கட்டுவதற்கு வேறு ஆட்கள் வருவார்கள், இவனை அடுத்த ஆற்றுக்கு விரட்டிவிடுவார்கள். தான் அஸ்திவாரம் போட்ட பாலத்தின் மேல் ஒரு தடவைகூட நடந்து பார்த்தது கிடையாது மனுசன். இந்தக் கரையையும் அந்தக் கரையையும் சேர்த்துவைக்கிறவனுக்கு ஒரு கரையிலும் இருப்பு இல்லை, என்ன சாபமோ. கல்யாணமான புதுசில் விஜயவாடாவுக்குக் கூட்டிவந்து, கிருஷ்ணா கரையில் நிறுத்தி, "எம்புட்டுத் தண்ணி பாத்தியா கோமு" என்றான், ஏதோ இவன் வீட்டுக் கிணறு மாதிரி. சங்கரன்கோயிலில் குடத்தைத் தூக்கிக்கொண்டு லாரித் தண்ணிக்கு நின்றவள் வாயைப் பிளந்துதான் பார்த்தாள். அப்புறம் எத்தனை தண்ணி பார்த்தாயிற்று, எல்லாம் கலங்கல்தான். விஜயவாடாவை விட்டுக் கிளம்பிய அன்றைக்குத்தான் இந்தக் கூத்தெல்லாம் ஆரம்பித்தது. அன்றைக்கு எதையும் மறைக்கவில்லை. மாடியில் இருந்த வீட்டுக்கார அம்மா ராஜ்யலட்சுமி, பிள்ளையைத் தூக்கிச் சுமந்தவள், சோறு ஊட்டியவள், வழியனுப்ப இறங்கி வந்தாள், பிள்ளை அவள் சேலையை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டது. ஒரு விரலைப் பிரித்தால் இன்னொரு விரல் பிடிக்கும். அத்தனூண்டு கையில் அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ. அழுது அழுது மூச்சு நின்று, உதடு நீலம் பாரித்து, கண் மேலே சொருகி, ஐயோ அதை நினைக்காதே, நினைக்காதே கோமதி, பாண்டி பிள்ளையை வாங்கிக் குலுக்கிக்கொண்டே "மூச்சு விடுட்டி, ஏட்டி மூச்சு விடுட்டி" என்று நடுத்தெருவில் கத்தினான். மூச்சு வந்தது. வந்ததும் இவன் அழுதான் பாருங்கள், தெருவே கூடிவிட்டது. அதை எத்தனை பேரிடம் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார்கள், போன ஊரிலெல்லாம், புதிதாகப் பழகியவர்கள் வீட்டிலெல்லாம், பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டே, "இவ அன்னைக்கு அழுத அழுகையில இவ அப்பாவும் சேந்து அழுதுட்டாவ" என்று. அப்போது சிரிப்பாகத்தான் இருந்தது.

ஆதிரை கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தாள். மின்விசிறியையே பார்த்தபடி இருந்தாள். "கண்ண மூடு ராசாத்தி" என்றாள் கோமதி. மூடினாள். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் திறந்திருந்தாள். சொன்னதைச் செய்கிற பிள்ளை, மறுத்து ஒரு வார்த்தை பேசாத பிள்ளை, ரெண்டு ஊருக்கு முன்னால் இவள் என்ன வாயாடி தெரியுமா, ராய்ச்சூரில் காய்கறி வண்டிக்காரனிடம் கன்னடத்தில் சண்டை போடுவாள், அவன் ஒரு கேரட்டைக் கொடுத்துக் கும்பிடுவான். தண்ணி வேண்டுமென்றால் விஜயவாடாவில் நீள்ளு என்று கேட்டது, அப்புறம் நீரு, அப்புறம் பானி, இப்போது எதுவும் சொல்லாமல் குடத்தைக் காட்டுகிறது. டாக்டரம்மா சொன்னாள், நாலைந்து பாஷை மாறினால் சில பிள்ளைகள் கொஞ்ச காலம் அமைதியாக இருக்கும், சரியாகிவிடும், ஒரே இடத்தில் வளரட்டும் என்று. ஒரே இடத்தில். அதைச் சொல்ல அவளுக்கு என்ன, அவள் பரம்பரையே இந்த ஊர்க்காரி. ராய்ச்சூர் வீட்டில் சுவிட்சு கதவுக்கு இடப்பக்கம் இருந்தது, இல்லை, அது நாக்பூர். நாக்பூரில் இடப்பக்கம், ராய்ச்சூரில் சுவிட்சு வெளியே, குளிக்கிற அறைக்கு வெளியே. இன்னும் இருட்டில் எழுந்தால் கை இடப்பக்கம்தான் போகிறது, வெறும் சுவரைத் தடவுகிறது. கைக்கே ஊர் மாறியது தெரியவில்லை, பிள்ளைக்கு எப்படித் தெரியும். நாக்பூர் அடுப்படிக்கு என்ன நிறம்? பச்சையா? பச்சை விஜயவாடா. நாக்பூர் என்ன நிறம், அந்த அடுப்படியில் எத்தனை நாள் நின்றிருக்கிறாள், எத்தனை தோசை சுட்டிருக்கிறாள், நிறம் வரமாட்டேன் என்கிறதே. அங்கே பால் பொங்கவில்லை, அது மட்டும் ஞாபகம் இருக்கிறது. குடி போன அன்றைக்குப் பால் காய்ச்சினால், சிலிண்டர் பாதியில் தீர்ந்து பால் அரைகுறையாய்ச் சுட்டு ஏடு படிந்து நின்றது. "பொங்கலேன்னா என்ன, குடிக்கிறதுதானே" என்று பாண்டி சிரித்தான். அவள் அந்தப் பாலைக் குடிக்கவில்லை.

தூக்கிக்கொண்டு போகிற யோசனை ராய்ச்சூரில் வந்தது. யோசனை அவனுடையதுதான், ஆனால் வேண்டாம் என்று அவள் சொன்னாளா? சொல்லவில்லை. விஜயவாடாவில் நீலமாய்ப் போன உதட்டைப் பார்த்தவள் எப்படிச் சொல்லுவாள். "தூங்குறப்போ தூக்கிட்டுப் போயிருவோம் கோமு, முழிக்கிறப்போ புது ஊரு, புது வீடு, சின்னப்பிள்ள தானே, ரெண்டு நாளுல மறந்துரும்." தூங்கிய பிள்ளையைத் தூக்கினார்கள், அது தோளில் துவண்டு கிடந்தது, நாக்பூரில் கண் முழித்துக் கொட்டாவி விட்டது, அழவே இல்லை. ரெண்டு பேருக்கும் ஏதோ பெரிய காரியம் சாதித்த மாதிரி. பாண்டி ஊருக்குப் போன் போட்டுப் பெருமையடித்தான். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடும் என்று சொல்லுவார்களே, பூனையின் கண்ணை நாம் மூடிவிட்டால்? நாக்பூரை விட்டு வரும்போதுதான் பிள்ளை தூங்க மறுத்தது. அன்றைக்குச் சளி இருந்தது. உண்மையிலேயே இருந்தது, மூக்கு ஒழுகியது, ரெண்டு தும்மலாவது போட்டது. ஒரு மூடி மருந்து கொடுத்தாள், சளிக்குத்தான் கொடுத்தாள், பிள்ளை சொக்கிப்போனது. சளி இல்லாவிட்டால் கொடுத்திருப்பாளா? கொடுத்திருக்க மாட்டாள். அப்படியென்றால் இன்றைக்கு அந்தப் புட்டி மேடையில் எதற்கு இருக்கிறது, காலையில் அதைப் பார்த்ததும் திரும்ப உள்ளே எடுத்து வைக்க வேண்டியதுதானே, கை என்ன கட்டிக் கிடந்ததா.

சூரத்துக்கு வந்த பிறகு பிள்ளை பகலில் தூங்குவதை விட்டது. ராத்திரி தூங்கினாலும் நடுநடுவே எழுந்து உட்காரும். எழுந்து சுவரைத் தொட்டுப் பார்க்கும், கட்டில் காலைத் தொடும், அம்மா முகத்தைத் தொடும், மூக்கு, காது, தோடு என்று வரிசையாக, கடையில் சாமான் சரிபார்க்கிறவன் மாதிரி. எல்லாம் இருந்தால் படுத்துக்கொள்ளும். கோமதி தூங்குகிற மாதிரிக் கிடப்பாள், முகத்தின் மேல் அந்தச் சின்ன விரல்கள் ஊர்கிறபோது மூச்சை அடக்கிக்கொள்வாள். ஒருநாள் இவள் பெரியவளாகி நம்மையும் இப்படித்தான் விட்டுவிட்டுப் போவாள் என்று தோன்றும், நாம் தூங்கும்போது, ஒரு சத்தமில்லாமல், ஏன் சொல்லவில்லை என்று கேட்டால் சொன்னால் நீங்கள் அழுவீர்கள் என்பாள். பயமாக இருந்தது. இந்த ஊரிலாவது நிற்பார்கள் என்று நினைத்தாள், ஏனென்றால் இங்கேதான் ஹேத்வி கிடைத்தாள். எதிர்வீட்டு ஜிக்னாபென்னின் மகள், இவள் வயசுதான், சரியான சண்டைக்காரி, ஆதிரை பேசாததையெல்லாம் சேர்த்து அவளே பேசிவிடுவாள். ரெண்டும் கட்டிலுக்கு அடியில் வீடு கட்டி விளையாடும். உள்ளேயிருந்து சில நாள் ரெண்டு குரல் கேட்கும். ரெண்டு குரல்! கோமதி அடுப்பை அணைத்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டிருக்கிறாள், என்ன பாஷை என்றுகூடத் தெரியவில்லை, பேசினால் போதும் என்று. இன்று காலை ஜிக்னாபென் வழிக்கு என்று தேப்லா சுட்டு எடுத்துவந்தாள், அவர்கள் பிரயாணத்துக்குக் கட்டுகிற சப்பாத்தி. பிள்ளை பார்க்காமல் இருக்க அதைப் பாத்திரம் கழுவுகிற தொட்டிக்கு அடியில் ஒளித்துவைத்தார்கள், திருட்டுப் பொருள் மாதிரி. "ரெண்டு பேரும் ஒரு தடவ கட்டிப்பிடிச்சுக்கட்டுமே, அதுல என்ன வந்துரும்" என்று ஜிக்னாபென் இந்தியில் கெஞ்சினாள். வேண்டாம் என்று கோமதி தலையை ஆட்டினாள். ஜிக்னாபென் அடுப்படியில் நின்று வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு அழுதாள். கோமதிக்கு அழுகை வரவில்லை. அது எங்கேயோ ராய்ச்சூர் வண்டியிலேயே நின்றுபோயிருக்க வேண்டும்.

போன் அதிர்ந்தது. தலையணைக்கு அடியில் வைத்திருந்ததை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

"தூங்கிட்டாளா?" பாண்டி.

"இல்ல."

"இன்னுமா? கார் சொல்லியாச்சு கோமு. நீ பக்கத்துலயே படு."

"பக்கத்துலதான் படுத்துக் கிடக்கேன். நீங்க ஒண்ணும் சொல்லித்தர வேண்டாம்."

அந்தப் பக்கம் லாரி ஹாரன் கேட்டது. "இல்ல, அங்க, மேடையில..." என்று இழுத்தான்.

"பாத்தேன்."

"ஒரு மூடிதான். ரயில் ஏறுத வரைக்கும்."

"என்னங்க, சொல்லியே கூட்டிட்டுப் போனா என்ன? அஞ்சு வயசாச்சு. சொன்னா வெளங்கும்."

"அன்னைக்கு மாதிரி மூச்சு நின்னுட்டா?" என்றான். "என்னால இன்னொரு தடவ அதப் பாக்க முடியாது கோமு. அவளுக்கு என்னமும் ஆச்சுன்னா நான் இருக்கமாட்டேன், பாத்துக்க."

போனை வைத்துவிட்டாள். பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்று சொன்னவன் எந்தக் காலத்துக்காரனோ, இங்கே எது பித்து எது கல்லு என்று அவளுக்குப் புரியவில்லை. புட்டியை எடுத்தாள். மூடியைத் திறந்ததும் அந்தச் செயற்கை ஆரஞ்சு வாசம் வந்தது, கூடவே நாக்பூர் அடுப்படி வந்தது, மஞ்சள், மஞ்சள்தான், வெளிறிய மஞ்சள், இப்போது பார்த்தா ஞாபகம் வரவேண்டும். இனிப் போகிற கவுகாத்தியில் அடுப்படி என்ன நிறமோ. பிரம்மபுத்திராவைக் காட்டிப் பாண்டி மறுபடி எம்புட்டுத் தண்ணி பாத்தியா என்பான். அங்கே மழை விடாமல் பெய்யும் என்கிறார்கள், பிள்ளை சுவரைத் தொட்டால் ஈரமாக இருக்குமோ, ஈரச்சுவரைத் தொட்டால் அதற்கு என்ன தோன்றும், கொடுக்காதே கோமதி, கொடுக்காவிட்டால் தூங்காது, தூங்காவிட்டால் கத்தும், ஹேத்வியின் கையைப் பிடித்துக்கொள்ளும், விரல் விரலாகப் பிரிக்க வேண்டும், யார் பிரிப்பது, அவனால் முடியாது, அப்புறம் யார், நீதானே, இந்தக் கைதானே. மருந்தை மூடியில் ஊற்றினாள். கொஞ்சம் கையில் சிந்திப் பிசுபிசுத்தது. சேலையில் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள், திருட வந்தவள் மாதிரி மெதுவாக நடந்தாள், சொந்த வீட்டில், சொந்தப் பிள்ளையிடம்.

ஆதிரை கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தாள். வாய் திறந்திருந்தது. தூங்கிப்போய்த் திறந்த வாய் இல்லை. மருந்துக்காகத் திறந்து வைத்திருந்த வாய்.

கோமதி அப்படியே நின்றாள்.

"எம்மா, குடுக்கலையா?" கண்ணைத் திறக்காமலே கேட்டது பிள்ளை. அதுவாக வாயைத் திறந்து பேசி எத்தனை நாளாயிற்று.

"எதுக்குட்டி வாயத் தொறந்த? ஒனக்குச் சளி இல்லல்லா."

"இல்ல. ஊருக்குப் போறதுக்கு."

"ஊருக்கா? யாரு சொன்னா? ஹேத்வி சொன்னாளா?"

இல்லை என்று தலையை ஆட்டியது. "சாமியக் காணோம்லா."

கோமதி திரும்பிப் பார்த்தாள். ஹால் மூலையில் பூஜை அலமாரி, விளக்கு இருந்த இடத்தில் எண்ணெய்க் கறை, படம் இருந்த இடத்தில் வெள்ளையாகச் சதுரம். எல்லாவற்றையும் மறைத்தார்கள், பெட்டியை, டிக்கெட்டை, தேப்லாவை. குலசாமி படத்தை மட்டும் லாரியில் ஏற்றக்கூடாது, கையோடுதான் கொண்டுபோக வேண்டும் என்பது பாண்டி வீட்டு வழக்கம், ஒவ்வொரு ஊரிலும் கிளம்புகிற நாள் காலையில் முதல் வேலையாகச் சாஸ்தா படத்தைக் கழற்றித் துண்டில் சுற்றிப் பைக்குள் வைத்துவிடுவான், இன்றைக்கும் வைத்தான், அவள்தான் துண்டு எடுத்துக் கொடுத்தாள். அது ரெண்டு பேருக்கும் சாமான் கட்டுகிற காரியமாகவே தோன்றியதில்லை. ஐயனே, என்ன முட்டாள்கள் நாங்கள்.

"போன தடவையும் தெரியுமாட்டி?"

"ம்."

"அப்போ தூங்கலையா நீ?"

"மருந்து குடிச்சா கண்ணு சொக்கும். தூக்கம் வராது. நான் கண்ண மூடிக்கிட்டேன்." கொஞ்சம் யோசித்தது. "தூக்குனப்போ கைய தொங்கப் போட்டுக்கிட்டேன்."

கோமதி தரையில் உட்கார்ந்துவிட்டாள். மருந்து மூடி எங்கே போனதென்று தெரியவில்லை. படியில் இறங்கும்போது, காரில், ரயில் படிக்கட்டில், பிளாட்பாரத்து வெளிச்சத்தில், அத்தனை நேரமும் அவள் தோளில் கிடந்து இந்தப் பிள்ளை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது, கதவு பூட்டுகிற சத்தத்தை, அந்த வீட்டுக்காரர்களிடம் கிசுகிசுவென்று விடைபெற்றதை, "தப்பிச்சோம்டா சாமி" என்று அப்பன் சொன்னதை. ஒரு விரலைக்கூட அசைக்காமல். அவள் பிள்ளையை வாரி எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். அது மறுக்கவுமில்லை, ஒட்டவுமில்லை.

"ஏன்ட்டி சொல்லல? ஏன் எம்மாகிட்ட சொல்லல?"

"நான் அழுதா அப்பா அழுவாவல்லா."

அப்போதுதான் கோமதிக்கு அழுகை வந்தது. வாயைப் பொத்தத் தோன்றவில்லை, ஓவென்று வந்தது. பிள்ளை அவள் முகத்தையே பார்த்தது, எதையோ தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று. கோமதி மூக்கைத் துடைத்துக்கொண்டாள். ஒன்றாவது ஒழுங்காகச் செய்ய வேண்டும், ஒன்றே ஒன்று.

"எந்திரி. வா. ஹேத்விகிட்டப் போவோம். சொல்லிட்டு வருவோம். நீ எம்புட்டு வேணாலும் அழு, அப்பாவ நான் பாத்துக்கிடுதேன். வா என் தங்கம்."

ஆதிரை எழவில்லை. எதிர்வீட்டுக் கதவு இருக்கிற பக்கம் ஒரு தடவை பார்த்தது.

"வேண்டாம்மா" என்றது. "அவ இப்போ தூங்குற நேரம். முழிக்குறதுக்குள்ள போயிருவோம்."

பிள்ளையே மடியிலிருந்து இறங்கிப் போய்ப் பாயில் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டது. கீழே கார்க்கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. அப்புறம் படிக்கட்டில் பாண்டியின் செருப்புச் சத்தம், மெதுவாக, நுனிக்காலில். பூட்டுக்குள் சாவி திரும்புவதற்குள் பிள்ளை கண்ணை மூடி, உதட்டைக் கொஞ்சம் பிரித்து, ஒரு கையைப் பாய்க்கு வெளியே துவளப் போட்டிருந்தது. மூச்சு ஏறி ஏறி இறங்கியது. எவ்வளவு அழகாகத் தூங்குகிறது என்று யாரும் சொல்லுவார்கள்.

பாண்டி வாசலில் நின்று எட்டிப் பார்த்தான். வேர்த்து விறுவிறுத்துப் போயிருந்தான். பிள்ளையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், உதட்டை மட்டும் அசைத்துக் கேட்டான்.

"தூங்கிட்டாளா?"

பாய்க்கு வெளியே கிடந்த கையில் ஒரு விரல்கூட அசையவில்லை.

"நல்லா தூங்கிட்டா" என்றாள் கோமதி. "மெள்ளத் தூக்குங்க."